மந்தர ஒலியும் பல்வினைப் பெடலும்

ஒரு வீட்டைக் காண வருகிறவர்கள் அதன் வாயிலையும் மாடத்தையும் பாராட்டுவார்கள். அடித்தளத்தைப் பாராட்டுகிறவர் அரியர். அது ஒரு விரற்கடை கீழிறங்கினால்தான் எல்லாருடைய கண்ணும் அங்கே செல்லும். இசையிலும் இவ்வாறு மறைந்து நின்று தாங்கும் பகுதி ஒன்று உண்டு. அதுவே மந்தர ஒலி. மேலைநாட்டு இசைக்குழுக்களில் அந்த ஒலியைத் தரும் பொறுப்பு இன்று பெரும்பாலும் பாஸ் கிட்டார் என்னும் கருவியைச் சார்ந்திருக்கிறது. தமிழ்த் திரையிசையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கும் அது அயலானதன்று. 1976ஆம் ஆண்டு திரையுலகிற்கு வந்த இளையராஜாவின் பாடல்களில், பாஸ் கிட்டார் பாட்டிற்கு நிழலாக மட்டும் நில்லாமல் தனக்கென ஒரு நடையுடன் செல்வதைப் பலரும் செவிமடுத்திருப்பர்.

எனக்குத் தெரிந்த கல்லூரி மாணவர் ஒருவர் இந்தக் கருவியை ஆர்வத்துடன் பயின்று வந்தார். ஓராண்டுக் காலம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு, ஒலியைப் பலவாறு மாற்றித் தரும் மல்டி எஃபெக்ட்ஸ் பெடல் ஒன்றை வாங்கினார். அறையில் தனியே இருந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாசித்தபோது அது அவரை மயக்கியது. கல்லூரி ஆண்டு விழாவில் மேடையேறினார். முதற் பாட்டு முடிந்ததும் டிரம்ஸ் வாசித்த இளைஞன் அவர் பக்கம் குனிந்து, “அண்ணா, பாஸ் கேட்கவே இல்லை” என்றான். மேடையில் ஒலி இருந்தது, ஆரவாரமும் இருந்தது, அடித்தளம் மட்டும் இல்லை. கருவியில் பழுதா, வாங்கியவரிடம் பிழையா என்பதைப் பின்னர்க் காண்போம். அதைத் தெளிவாக அறிய வேண்டுமானால் இந்தப் பெட்டி எவ்வாறு பிறந்தது என்னும் வரலாற்றை முதலில் அறிய வேண்டும். இன்று பேச எடுத்துக்கொண்ட பொருளும் அதுவே.

இயல்பாக எழும் ஒலியை மாற்றிக் கேட்க விரும்பும் ஆசை மின்சாரத்தோடு பிறந்ததன்று. தம்புராவின் குதிரைமேல், தந்திக்கு அடியில், ஜீவா என்னும் நூலிழையை வைத்து நகர்த்துகிறோம். நூல் உரிய இடத்தில் பொருந்தியதும் வறண்டு நின்ற தந்தி ரீங்காரம் செய்கிறது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தில் ரவையைப் பிசைந்து அப்புகிறோம். அதன் குரல் தாழ்ந்து கனக்கிறது. தந்தியும் தோலும் முன்பு இருந்தவையே; இடையே சேர்ந்த ஒரு சிறு பொருள் ஒலியின் நிறத்தை மாற்றிவிடுகிறது. இன்றைய பெடல் செய்வதும் அடிப்படையில் இதுதான். நூலும் ரவையும் செய்த வேலையை அங்கே மின்சுற்றுச் செய்கிறது. கைக்கு ஓய்வில்லாமையால் காலால் அதை இயக்குகிறார்கள்.

பாஸ் கிட்டாரின் மூதாதை டபுள் பாஸ் என்னும் பெருங்கருவி. ஆள் உயரம் இருக்கும். நின்றுகொண்டு அணைத்தபடி வாசிக்க வேண்டும். நடனக் கூடங்களில் எக்காளங்களும் முரசுகளும் முழங்கும்போது, இவ்வளவு பெரிய உடலிலிருந்து எழும் ஒலி அவற்றுள் அமிழ்ந்துபோகும். ஊர் ஊராகச் செல்லும் குழுவினருக்கு அதனை ஏற்றி இறக்குவதும் பெரும்பாடு. இந்த இரு இடர்களையும் நீக்க முயன்றவர்களுள் முன்னோடி ஒருவர் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தவரான பால் டட்மார்க். 1930களின் நடுப்பகுதியிலேயே அவர் கிட்டாரைப்போல் கிடைநிலையில் வைத்து வாசிக்கத்தக்க மின்சார பாஸ் ஒன்றைச் செய்து ஆடியோவாக்ஸ் என்னும் பெயரில் விற்றார். ஆனால் உலகம் அப்போது அதைப் பொருட்படுத்தவில்லை.

பொருட்படுத்தச் செய்தவர் லியோ ஃபெண்டர். கலிபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்னும் ஊரில் வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர் அவர். கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். ஆனால் வாசிப்பவர்களின் குறைகளைப் பொறுமையுடன் கேட்கத் தெரிந்தவர். 1951ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட கருவிக்குப் ‘பிரிசிஷன் பாஸ்’ என்று பெயரிட்டார். துல்லியம் என்பது அப்பெயரின் பொருள். டபுள் பாஸில் விரல் வைக்கும் இடத்தைப் பழக்கத்தால்தான் கண்டுகொள்ள வேண்டும். ஃபெண்டரின் கருவியிலோ சுர இடங்கள் மெட்டுக்களால் வரையறுக்கப்பட்டிருந்தன. ஆகவே சுரம் பிசகாது. தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம். தந்திகள் நான்கு. அவற்றுள் மிகத் தாழ்ந்தது வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்வது. சாதாரணக் கிட்டாரின் தாழ்ந்த தந்தி 82 முறை அதிர்கிறது; பாஸ் அதற்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே நிற்கிறது. இந்த 41, 82 என்னும் இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். நம் மாணவருடைய துன்பம் முழுவதும் இவ்விரண்டின் இடைவெளியில்தான் ஒளிந்திருக்கிறது.

இந்தக் கருவியின் பெருமையை நிலைநாட்டியவர் பலர். 1950களின் தொடக்கத்தில் லயனல் ஹாம்ப்டன் குழுவில் மங்க் மான்ட்கோமரி அதனை வாசித்து ஜாஸ் உலகிற்கு அறிமுகம் செய்தார். 1960களில் டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் நிறுவனத்தில் ஜேம்ஸ் ஜேமர்சன் என்பவர், வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்றினாலேயே தந்தியை மீட்டி, நூற்றுக்கணக்கான இசைத்தட்டுகளுக்கு உயிரூட்டினார். அவர் தம் தந்திகளை அறுந்தாலன்றி மாற்றமாட்டார். பதிவு அறையில் அவருடைய கருவி நேரே ஒலிக்கலவை மேசையுடன் இணைக்கப்பட்டிருந்தது. இடையே எந்தப் பெடலும் இல்லை. அக்காலத்துத் தட்டுகளின் உறைகளில் பெரும்பாலும் அவர் பெயர்கூட இல்லை. ஆயினும் இன்றுவரை பாஸ் பயில்வோர் அவரையே ஆசானாகக் கொள்கின்றனர். பெடலின் வரலாற்றைப் பேசுமுன் இந்த மனிதரை நினைத்துக்கொள்வது நல்லது. ஏனெனில் விரல் தராத உயிரை எந்தப் பெட்டியும் தர இயலாது.

இனிப் பெடலின் பிறப்பைக் காண்போம். அது ஒரு பழுதிலிருந்து பிறந்தது. அதுவும் மந்தர ஒலியின் பதிவிலே பிறந்தது என்பது வியப்புக்குரியது. நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸ் என்னும் பாடகர் ‘டோன்ட் வொரி’ என்னும் பாடலைப் பதிவு செய்துகொண்டிருந்தார். கிரேடி மார்ட்டின் என்பவர் ஆறு தந்தி பாஸ் ஒன்றை வாசித்தார். ஒலிக்கலவை மேசையின் ஒரு பகுதி பழுதுபட்டிருந்தமையால், அவர் வாசித்த பகுதி கரகரத்து, உறுமி, ஊதுகருவிபோல் ஒலித்தது. பொறியாளர் கிளென் ஸ்னாடியும் மற்றவர்களும் அதை அழித்துவிட்டுப் புதிதாகப் பதிவு செய்யவில்லை, அப்படியே வைத்துக்கொண்டார்கள். 1961ஆம் ஆண்டு அப்பாடல் பெரும்புகழ் பெற்றது. அந்தக் கரகரப்பைத் தங்களுக்கும் வேண்டும் என்று பலர் கேட்கத் தொடங்கினர்.

பழுதை வேண்டும்போது வரவழைக்க இயலுமா? ஸ்னாடி அதற்கென ஒரு சிறு மின்சுற்றை அமைத்தார். அதைக் கிப்சன் நிறுவனம் வாங்கி, 1962ஆம் ஆண்டு மேஸ்ட்ரோ ஃபஸ் டோன் என்னும் பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1947ஆம் ஆண்டு பெல் ஆய்வகத்தில் பிறந்த டிரான்சிஸ்டர், வானொலிப் பெட்டியைச் சட்டைப் பைக்குள் அடக்கியது போலவே, இங்கும் பெரிய வால்வுகளை அகற்றி, மூன்று ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களால் ஆன சுற்றைக் காலடியில் அடங்கும் பெட்டிக்குள் வைக்க வழி செய்தது. தொடக்கத்தில் அதை வாங்குவோர் மிகுதியாக இல்லை. 1965ஆம் ஆண்டு ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினரின் ‘சாட்டிஸ்ஃபேக்ஷன்’ பாடலில் கீத் ரிச்சர்ட்ஸ் அதனைப் பயன்படுத்திய பின்னரே அதன் பெயர் எங்கும் பரவியது. அதே ஆண்டில் பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி, ‘திங்க் ஃபார் யுவர்செல்ஃப்’ என்னும் பாடலில் கரகரக்கும் பாஸை வாசித்தார். அங்கே நாம் உற்றுக் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. அப்பாடலில் இயல்பான பாஸ் ஒன்றும், கரகரக்கும் பாஸ் ஒன்றும் ஆக இரண்டு தனித்தனியே ஒலிக்கின்றன. அடித்தளத்தை ஒன்று காக்க, அலங்காரத்தை மற்றொன்று செய்கிறது.

இஃது ஏன் தேவைப்பட்டது? கரகரப்பு என்பது அலையின் உச்சியை வெட்டிச் சமதளமாக்குவதால் உண்டாவது. வெட்டப்பட்ட அலையில், மூல அதிர்வுடன் அதன் மடங்குகளான மேலதிர்வுகள் பல புதிதாகத் தோன்றுகின்றன. அவை செவியைக் கவர்கின்றன; அவற்றின் ஆரவாரத்தில் மூலம் பின்னடைகிறது. இதற்குமேல் இன்னொரு காரணமும் உண்டு. கிட்டாருக்கென வகுத்த சுற்றுகளில் மின் அலையை ஒரு கட்டத்திலிருந்து மறு கட்டத்திற்குக் கடத்தும் கெபாசிட்டர்கள் சிறியவையாக இருக்கும். அவை 82 அதிர்வுக்கு மேற்பட்டவற்றைத் தாராளமாக விடுத்து, அதற்குக் கீழ்ப்பட்டவற்றைத் தடுக்கும். கிட்டாருக்கு அதனால் இழப்பில்லை. உறுமல் குறைந்து தெளிவு மிகுவதால் ஆதாயமே. ஆனால் 41 அதிர்வுடன் வரும் பாஸ், அந்த வாயிலில் தலையைக் கொடுத்துவிட்டுக் காலை இழந்துவிடுகிறது. ஆகவேதான் பாஸுக்கெனச் செய்யப்படும் நல்ல பெடல்களில், மாற்றாத மூல ஒலியையும் மாற்றிய ஒலியையும் வேண்டிய அளவில் கலக்கும் திருகு ஒன்று வைக்கப்படுகிறது. அதனை பிளெண்ட் என்று அழைப்பர். பீட்டில்ஸ் குழுவினர் இரண்டு பதிவுகளால் அடைந்ததை, இத்திருகு ஒரே வாசிப்பில் தந்துவிடுகிறது.

கரகரப்பைத் தொடர்ந்து வேறு பல பெடல்கள் வந்தன. 1966ஆம் ஆண்டு தாமஸ் ஆர்கன் நிறுவனத்தில், ஆர்கன் கருவியின் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் மிதிகட்டையின் உள்ளே புதிய சுற்றைப் பொருத்தி, மனிதக் குரல் அழுவது போன்ற ‘வா வா’ பெடலை உருவாக்கினார்கள். 1972ஆம் ஆண்டு மியூசிட்ரானிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட மியூ-டிரான் 3 என்னும் பெடலுக்குக் காலின் அசைவே தேவையில்லை; விரல் எவ்வளவு வன்மையாக மீட்டுகிறதோ அதற்கேற்ப அதுவே ஒலியைத் திறந்து மூடியது. பூட்ஸி காலின்ஸ் அதனைப் பாஸில் புகழ் பெறச் செய்தார். ஒலியின் ஏற்றத்தாழ்வைச் சமன் செய்யும் கம்ப்ரெஸ்ஸர் என்னும் கருவிக்கு நம் வானொலியோடு உறவு உண்டு. ஒலிபரப்பும்போது குரல் திடீரென உயர்ந்து கருவிகளைப் பாதிக்காமலிருக்க, 1930களில் நிலையங்கள் கையாண்ட ஒலியடக்கும் கருவியின் வழித்தோன்றலே அது. பாஸ் வாசிப்பவருக்கு இன்று மிகுதியாகப் பயன்படும் பெடல் இதுவே எனலாம்.

1969ஆம் ஆண்டு பிலிப்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த இருவர் ஒரு புதுமையான மின்னணுச் சில்லைக் கண்டனர். தீப்பற்றிய வீட்டை அணைக்க மக்கள் கிணற்றிலிருந்து வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுவதுபோல, அச்சில்லில் ஒலியின் அளவு ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு மாறி மாறிச் சென்று சற்றுக் காலந்தாழ்ந்து வெளிவரும். ‘வாளி வரிசை’ என்றே அதற்குப் பெயரும் அமைந்தது. தாழ்ந்து வரும் ஒலியை மூல ஒலியுடன் கலந்தால், ஒருவர் பாடுவது பலர் சேர்ந்து பாடுவதுபோல் விரிகிறது. 1976ஆம் ஆண்டு ஜப்பானின் பாஸ் நிறுவனம் இம்முறையில் கோரஸ் பெடலை வெளியிட்டது. நிறுவனத்தின் பெயரும் கருவியின் பெயரும் தமிழெழுத்தில் ஒன்றாகத் தோன்றினும் இரண்டும் வேறு என்பதை அறிக. மறுஆண்டு முதல் அந்நிறுவனம் உள்ளங்கையளவுப் பெடல்களை வரிசையாக வெளியிட்டது.

அதே நிறுவனம் 1982ஆம் ஆண்டு கொண்டுவந்த ஓ.சி.-2 என்னும் ஆக்டேவ் பெடல், வாசிக்கும் சுரத்திற்கு ஒரு ஸ்தாயியும் இரு ஸ்தாயியும் கீழே ஒலிகளைச் சேர்த்தது. இதன் வேலை எண்ணுவது. இரண்டு அதிர்வுக்கு ஒன்று என எண்ணி வெளியிட்டால் ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். எண்ணுவதற்கு அதிர்வுகள் தெளிவாக வர வேண்டும். இரண்டு சுரங்களை ஒருசேர மீட்டினால் இவ்வகைப் பெடல் தடுமாறும். மிகத் தாழ்ந்த சுரத்தில் ஓர் அதிர்வு முடியவே வினாடியின் ஆயிரத்தில் 24 பங்கு காலம் செல்கிறது. அது முடியுமுன் அதன் சுரம் இன்னதென்று உறுதியாகச் சொல்ல எந்தப் பொறியாலும் இயலாது. தவிர, 41 அதிர்வுக்கு ஒரு ஸ்தாயி கீழே போனால் ஏறத்தாழ 20; மனிதச் செவியின் கீழெல்லையே அதுதான். ஆகவே ஆக்டேவ் பெடலை மேல் தந்திகளில் ஆள்வதே அறிவுடைமை. இது நிறுவனங்களின் குறையன்று, இயற்கையின் வரம்பு.

இவ்வாறு ஒவ்வொரு தேவைக்கும் ஒவ்வொரு பெட்டி தோன்றவே, வாசிப்பவரின் காலடி சந்தைக் கடைபோல் ஆயிற்று. பெட்டிக்குப் பெட்டி இணைப்புக் கம்பி. பெட்டிதோறும் ஒன்பது வோல்ட் மின்கலம். ஒன்றில் கோளாறு நேர்ந்தால் எதில் என்று கண்டுபிடிப்பதற்குள் பாட்டே முடிந்துவிடும். இவற்றையெல்லாம் ஒன்றாகத் திரட்டும் வழியை எண்முறைத் தொழில்நுட்பம் காட்டியது. ஒலியலையை வினாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக்கினால், பின்னர்ச் செய்ய வேண்டியவை எல்லாம் கணக்குகளே. குறுந்தட்டில் வினாடிக்கு 44,100 அளவுகள் பதிக்கப்படுவது பலரும் அறிந்தது. இன்றைய பெடல்களும் அந்த அளவிலோ அதற்குச் சற்று மேலாகவோ அளக்கின்றன. கரகரப்பு ஒரு கணக்கு. எதிரொலி ஒரு கணக்கு. ஒரே சில்லு அடுத்தடுத்து எல்லாக் கணக்குகளையும் செய்து முடிக்கிறது.

1988ஆம் ஆண்டு பாஸ் நிறுவனம் எம்.இ.-5 என்னும் தரைப்பெட்டியில் பல வினைகளை ஒன்றாக்கியது. 1990ஆம் ஆண்டு ஜூம் நிறுவனம் வெளியிட்ட 9002 என்னும் கருவி, கிட்டாரின் தோள்வாரில் மாட்டிக்கொள்ளும் அளவுக்குச் சிறியது. பின்னர் ஒலிபெருக்கியின் தன்மையையே கணக்கால் படைக்கும் முறை வளர்ந்தது. 1998ஆம் ஆண்டு லைன் 6 நிறுவனத்தின் பாட் என்னும் சிறுநீரக வடிவக் கருவி அதனைப் பரவலாக்கிற்று. அந்நிறுவனத்தின் ஹீலிக்ஸ் 2015ஆம் ஆண்டு வந்தது. பாஸ் கிட்டாருக்கென்றே வகுக்கப்பட்ட ஜி.டி.-1பி 2017ஆம் ஆண்டிலும், ஜூம் பி1 ஃபோர் அதன் பின்னரும் வெளிவந்தன. அறுபது ஆண்டு வரலாறு முழுவதும் ஒரு பாடநூலின் பருமனுள்ள பெட்டிக்குள் அடங்கிவிட்டது.

இனி நம் மாணவரிடம் திரும்புவோம். அவர் வாங்கியது கிட்டாருக்கென வகுத்த பெடல். அதில் தொழிற்சாலையிலேயே அமைத்துத் தந்த ஒலிகளுள் ஒன்றை அப்படியே தேர்ந்துகொண்டார். அந்த அமைப்பில் கரகரப்போடு, கிட்டார் ஒலிபெருக்கிப் பெட்டியைப் போலச் செய்யும் கணக்கு ஒன்றும் சேர்ந்திருந்தது. கிட்டார் ஒலிபெருக்கி மிகத் தாழ்ந்த ஒலிகளைத் தருவதில்லை. அதைப் போலச் செய்யும் கணக்கும் அவற்றை உண்மையாகவே நீக்கிவிட்டது. தனியறையில் ஹெட்போனில் போட்டியிட வேறு கருவி இல்லாமையால் அந்த இழப்புத் தெரியவில்லை. மேடையில் டிரம்ஸ் முழங்கியதும் வெளிப்பட்டுவிட்டது. மறுநாள் ஓர் அனுபவசாலியின் அறிவுரைப்படி அந்தக் கணக்கை அணைத்து, மூல ஒலியைப் பாதிக்குமேல் கலந்ததும், அதே பெட்டியில் மந்தர ஒலி திரும்பி வந்தது. பழுது பொறியிலும் இல்லை. அவருடைய ஆர்வத்திலும் இல்லை. அது எதற்காகப் பிறந்தது என்பதை அறியாமையே பிழை.

ஆகவே இத்தகைய பெடலைத் தேர்ந்தெடுக்க விரும்புகிறவர் சிலவற்றை மனத்திற்கொள்ள வேண்டும். முதலாவது, அது பாஸுக்கென வகுக்கப்பட்டதா, அல்லது பாஸுக்குரிய வினைகளையும் ஒலிபெருக்கி அமைப்புகளையும் போதிய அளவு கொண்டதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு வினையிலும் மூல ஒலியைக் கலக்கும் வசதி உண்டா, அல்லது ஒலியை இரு பாதைகளாகப் பிரித்துத் தாழ்ந்த பகுதியைத் தொடாமல் விட இயலுமா என்று கேட்க வேண்டும். கருவியின் தரத்தைக் காட்டும் அடையாளம், வினைகளின் எண்ணிக்கையைவிட இதுவே. நூறு வினைகள் இருந்தும் அடித்தளம் கெடுமானால் பயன் என்ன? அளவான ஒரு கம்ப்ரெஸ்ஸர், உயர்வு தாழ்வைத் திருத்தும் ஈக்குவலைசர், ஒரு கரகரப்பு, ஒரு கோரஸ், நம்பத்தக்க ஒரு சுருதி காட்டி ஆகிய ஐந்தும் செம்மையாக அமைந்தால், தொடக்க நிலையில் வேறொன்றும் வேண்டுவதில்லை.

மூன்றாவது, வெளிவாயில். ஜேமர்சனின் கருவி நேரே கலவை மேசைக்குச் சென்றது என்றோம். இன்றும் பல மேடைகளில் பாஸுக்குத் தனி ஒலிபெருக்கி இராது. பெடலிலிருந்து நீண்ட கம்பி வழியாக மேசைக்கே அனுப்ப வேண்டும். இரைச்சலைத் தாங்கும் மூன்று முனை எக்ஸ்.எல்.ஆர். வாயில் பெடலிலேயே இருந்தால் தனியே டி.ஐ. பெட்டி வாங்கும் செலவு மிஞ்சும். நான்காவது, மின்சாரம். பழைய ஃபஸ் பெடலுக்குச் சில மில்லி ஆம்பியர் போதும். எண்முறைப் பெடலுக்குப் பல நூறு மில்லி ஆம்பியர் தேவை. இக்காலப் பெடல்களில் பெரும்பாலானவற்றில் மின்செருகியின் நடுமுனை எதிர்மின். வேறு வகை அடாப்டரைச் செருகினால் பெட்டியே கெடலாம். ஐந்தாவது, கால். இருட்டு மேடையில், பாட்டின் இடையில், திரையில் பட்டியல்களைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. மிதிகட்டைகள் இரண்டே இருக்கும் பெட்டி மலிவானதுதான். ஆனால் ஒரே பாட்டில் மூன்று ஒலி வேண்டுவோருக்கு அது போதாது.

ஆறாவது, சோதிக்கும் முறை. இதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகின்றனர். தம் கருவியைத் தாமே எடுத்துச் சென்று, மிகத் தாழ்ந்த தந்தியைத் திறந்த நிலையில் மீட்டிப் பார்க்க வேண்டும். பெடலை இயக்கியும் அணைத்தும் மாறி மாறிக் கேட்க வேண்டும். அப்போது இரண்டு நிலையிலும் ஒலியின் அளவு ஒன்றாக இருக்குமாறு திருத்திக்கொள்ள வேண்டும். ஏனெனில் சற்று உரத்த ஒலி எதுவாயினும் அதுவே இனியது என்று செவி நம்பிவிடும். மீட்டுவதற்கும் கேட்பதற்கும் இடையே தாமதம் தோன்றுகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒலி காற்றில் ஒரு மீட்டர் செல்ல வினாடியின் ஆயிரத்தில் மூன்று பங்கு காலம் பிடிக்கும். ஆகவே நல்ல பெடல்களில் உள்ள சிறு தாமதம், ஒலிபெருக்கியிலிருந்து ஓர் அடி இரண்டடி விலகி நிற்பதற்கே ஒப்பாகும். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை; விரலுக்கும் செவிக்கும் ஒட்டாமை தெரியுமாயின் அதனை விட்டுவிட வேண்டும். இயலுமானால் டிரம்ஸ் வாசிக்கும் நண்பர் ஒருவருடன் சேர்ந்து சோதிப்பது மிகச் சிறந்தது.

கையிற் பணம் குறைவாயின், முன்பு ஒருவர் பயன்படுத்திய பெடலை வாங்குவதில் இழிவில்லை. மிதிகட்டை ஒவ்வொன்றையும் பலமுறை அழுத்திப் பார்த்து, திருகுகளைச் சுழற்றிக் கரகர ஒலி எழுகிறதா என்று கேட்டு, அதற்குரிய அடாப்டர் உடன் வருகிறதா என்று உறுதி செய்துகொண்டால் போதும். பத்தாண்டு பழமையான நல்ல பெடல் இன்றும் நன்றாகவே ஒலிக்கும். விளம்பரங்கள் ஆண்டுதோறும் மாறும். 41 அதிர்வு மாறுவதில்லை.

நாஷ்வில் நகரில் பழுதுபட்ட ஒலி எழுந்தபோது, அங்கிருந்தவர்கள் அதைக் கேட்டார்கள்; பாட்டிற்குப் பொருந்துமா என்று தீர்மானித்தார்கள்; வைத்துக்கொண்டார்கள். இந்த வரலாற்றிலிருந்து மாணவர்கள் கொள்ள வேண்டியது அந்தக் கேட்கும் பழக்கத்தையே. பெட்டியில் உள்ள வினைகளையெல்லாம் ஒரே பாட்டில் காட்ட வேண்டும் என்னும் ஆசையை அடக்கி, முதல் ஒரு மாதம் ஒரே ஒரு வினையை மட்டும் எடுத்துக்கொண்டு, அது மந்தர ஒலிக்கு எதைத் தருகிறது, எதை எடுத்துக்கொள்கிறது என்று செவிமடுத்துப் பழகுவது நன்று. நம் மாணவர் இப்போது அவ்வாறே செய்கிறார். அடுத்த ஆண்டு விழாவில் டிரம்ஸ் வாசித்த அதே இளைஞன் அவரைத் திரும்பிப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. அடித்தளம் தன் இடத்தில் இருந்தது.